சுருக்கமும் மெய்ம்மையும்: மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் முகப்புச் சுருக்கம் பற்றிய ஒரு நோக்கு

நூல் ஒன்றன் முகப்பில் நிற்கும் பாயிரம் எவ்வெப் பொருளை உணர்த்தல் வேண்டும் என்று வரையறை செய்தவர் நம் இலக்கண நூலார். சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுப் பொருள் வேண்டும் என்றார் நன்னூலார். நூலை ஆக்கியவன் யார், அது வந்த வழி யாது, வழங்கும் எல்லை எது, அதன் பெயர், யாப்பு, நுதலிய பொருள், அதனைக் கேட்டற்குரியார், கேட்டலால் வரும் பயன் என்பன அவ்வெட்டுமாம். காலம், களம், காரணம் என மூன்றனைக் கூட்டிக் கூறுவாரும் உளர் என்பதை அவரே குறித்துச் சென்றார். நாவலர் பெருமானின் காண்டிகையுரையை வைத்துக்கொண்டு எங்கள் ஆசிரியர் இப்பகுதியைக் கற்பித்த நாளில், பலசரக்குக் கடையிற் சாமான் பட்டியலைச் சரிபார்ப்பது போன்ற இவ்வேலையால் இலக்கியத்துக்கு வரும் நன்மை யாதென்று கடைசி வாங்கிலிருந்து நாங்கள் நகைத்ததுண்டு.

அந்நகைப்பு அறியாமையின்பாற்பட்டது என்பதைப் பல ஆண்டுகளின் பின், இலக்கணத்தோடு எவ்விதத் தொடர்புமில்லாத ஓரிடத்திலே கண்டுகொண்டேன். 2008ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சலி ஹோப்வெல் என்பாரும் அவர்தங் குழுவினரும், இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் ஒரு சிறு கட்டுரை எழுதினர். மருந்துகளையும் சிகிச்சை முறைகளையும் நோயாளரிடத்துப் பரிசோதித்து எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளின் முகப்பில் ஒரு பத்தியளவில் நிற்கும் சுருக்கம், எவ்வெவற்றை உணர்த்தல் வேண்டும் என்பதே அக்கட்டுரையின் பொருள். அவர்கள் பதினேழு உறுப்புக்களை நிரற்படுத்தினர். நன்னூலார் எட்டென்றதை இவர்கள் பதினேழு என்றனர், கருத்து ஒன்றே. முகப்பைப் படிப்பவன் ஏமாறுதல் கூடாது என்பதே அது.

இவ்விடயத்தை மருத்துவம் கல்லாத ஓர் ஆசிரியன் எடுத்துப் பேசுதல் தகுமோ என்று சிலர் வினவக்கூடும். சுருக்கம் எழுதுதலும், பிறர் எழுதிய சுருக்கத்தைத் திருத்துதலும் என் அன்றாடத் தொழில். ஆதலின் மருந்தின் தன்மையைப் பற்றி யான் ஒன்றுங் கூறேன். எழுத்தின் தன்மையைப் பற்றியே கூறப்புகுகின்றேன்.

முதலில், சுருக்கப்படும் பொருள் யாதென்று அறிதல் வேண்டும். ஒரு மருந்து நோயைத் தீர்க்கின்றதா என்பதை அறிய அதனைப் பலருக்குக் கொடுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. நோய் தானாகவே தீர்ந்திருத்தலுங் கூடும். வைத்தியர் தேறக்கூடிய நோயாளரையே தேர்ந்து புதுமருந்தைக் கொடுத்திருத்தலுங் கூடும். இவ்விடர்ப்பாட்டை நீக்கும் பொருட்டு நோயாளரை எழுமாறாக இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்குப் புதுமருந்தும் மறுகூற்றினர்க்குப் பழைய சிகிச்சையோ வெறுமருந்தோ கொடுத்து ஒப்பிடும் முறை வகுக்கப்பட்டது. இம்முறையின் புகழ்பெற்ற முன்மாதிரி, 1948ஆம் ஆண்டு ஒக்தோபரிற் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. சயரோகத்துக்கு ஸ்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பரிசோதித்த ஆய்வு அது. யார் எக்குழுவிற் சேர்வார் என்பதை வைத்தியர் முன்னரே அறிந்து கொள்ளாவண்ணம், மூடி ஒட்டிய உறைகளுக்குள் வைத்த ஒழுங்கை அமைத்துக் கொடுத்தவர் ஒஸ்ரின் பிறட்போட் ஹில் என்னும் புள்ளிவிபரவியல் அறிஞர். நோயாளர் 107 பேர். அவருள் 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேர் ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு மாத முடிவில் முதற் குழுவில் நால்வர் இறந்தனர். இரண்டாவதிற் பதினால்வர் இறந்தனர்.

இவ்விடத்தில் நின்று ஒரு சுருக்கம் எழுதுவோமாயின், மருந்து பெருவெற்றி கண்டது என்று எழுதுவோம். அது பொய்யுமன்று. ஆனால் அதே நோயாளரை ஐந்தாண்டு வரை தொடர்ந்து கவனித்து 1954இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருந்து பெற்ற 55 பேருள் 32 பேரும், பெறாத 52 பேருள் 35 பேரும் இறந்துவிட்டனர். கிருமிகள் மருந்துக்கு அஞ்சாத வன்மை பெற்றுவிட்டமையே இதற்கு முதன்மையான காரணம். முதல் அறிக்கையை எழுதியோர் அவ்வாபத்தை மறைத்தாரல்லர். கிருமிகள் வன்மை பெறுதலை அவ்வறிக்கையிலேயே எடுத்துரைத்தனர். எனினும் 'ஆறு மாதம்' என்னும் இரு சொற்களும், 'ஆயினும் கிருமிகள் வன்மை பெற்றன' என்னும் ஒரு வாக்கியமும் சுருக்கத்தில் விடுபடுமாயின், எஞ்சி நிற்பது மெய்யின் உருவங்கொண்ட பொய்யேயாகும். இதனை மனத்திருத்திக்கொண்டு மேலே செல்வாம்.

முற்காலத்திற் சுருக்கம் என்பது கட்டுரையின் இறுதியில் ஒதுங்கிக் கிடந்தது. கட்டுரையைப் படித்து முடித்தவனுக்கு அது நினைவூட்டு. பின்னர் அது முகப்புக்கு வந்தது. அதன்பின் கட்டுரையை விட்டுப் பிரிந்து தனியே உலாவத் தொடங்கிற்று. 1997ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தன் பெருந்தொகுதியை இணையத்தில் எவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட பின்னர், உலகின் எம்மூலையிலிருக்கும் வைத்தியரும் சுருக்கத்தைப் பெறலாம் என்றாயிற்று. சுருக்கம் இலவசம், கட்டுரைக்கோ பெரும்பாலும் பணம் கொடுத்தல் வேண்டும். எனவே பலர்க்குச் சுருக்கமே கட்டுரையாயிற்று.

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இன்று தூரத்துச் சிற்றூர் ஆசுபத்திரியொன்றில் வைத்தியராக இருக்கின்றார். விடுமுறையில் வந்தவர் தம் கைத்தொலைபேசியில் ஒரு பத்தியைக் காட்டினார். "சேர், கட்டுரை முழுவதையும் வாங்க முப்பது, நாற்பது டொலர் கேட்கிறார்கள். வெளிநோயாளர் பிரிவில் வரிசை வாசல்மட்டும் நிற்கும். நாங்கள் இதைத்தான் வாசிக்கிறோம், இதிலும் கடைசி வரியைத்தான் வாசிக்கிறோம்" என்றார். யான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் நோற்சுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தவர்களே நாம் எல்லோரும்.

இதனால் விளையக்கூடிய தீங்கு கற்பனையன்று. ஆபிரிக்காவின் தென்பகுதியிலே, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றாது தடுக்கும் பணியிலீடுபட்ட வைத்தியர் ஒருவரைப் பற்றிய செய்தி 2006ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எடுத்துக்கூறப்பட்டது. அவர்க்குக் கிட்டியவை இணையத்திற் கிடைத்த சுருக்கங்களே. ஒரேயொரு சுருக்கத்தின் முடிவுரையை நம்பி, நல்ல பயன் தந்துகொண்டிருந்த சிகிச்சை முறையைக் கைவிட்டுப் பயன் குறைந்த வேறொன்றை அவர் மேற்கொண்டார். முழுக்கட்டுரையைப் படித்திருப்பாராயின், அவ்வாய்வு குறுகிய காலத்தது, சிறு தொகையினரை வைத்துச் செய்யப்பட்டது, தரவுகள் நிரம்பாதது, தம் நாட்டு நிலைமைக்குப் பொருந்தாதது என்பவற்றையெல்லாம் கண்டிருப்பார். அதனாற் கிருமி தொற்றிய குழவிகள் எத்தனை என்பதை எவரும் எண்ணினாரல்லர்.

இனி எழுத்தின் குற்றங்களை நோக்குவாம். உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஒரு பந்தியைக் கொடுத்து மூன்றிலொன்றாகச் சுருக்குக என்றால், அவர்கள் செய்யும் பிழைகள் ஆண்டுதோறும் ஒரேவகையினவாகவே இருக்கக் காண்கின்றேன். முதலில் விடுபடுவது 'ஆனால்' என்னும் சொல்லும் அதன் பின்வரும் வாக்கியமுமாகும். அடுத்து, மூலத்தில் இல்லாத ஒன்றைத் தாமே சேர்த்துவிடுவர். இறுதியாக, பந்தியின் தலைமைப் பொருளை விட்டுத் தம் மனத்தைக் கவர்ந்த ஓர் எடுத்துக்காட்டையே விரித்து எழுதிவிடுவர். நூற்குற்றம் பத்தினுள்ளே குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என்று பெயர் பெற்றவற்றோடு இவற்றை ஒருபுடை ஒப்பிடலாம். பதினெட்டு வயது மாணவன் செய்யும் இக்குற்றங்களை உலகப் புகழ் பெற்ற பேராசிரியரும் செய்கின்றனர் என்பதே வியப்பு. மாணவன் அறியாது செய்கின்றான். அவர்களோ எப்போதும் அறியாது செய்கின்றனர் என்று சொல்லுதற்கில்லை.

மாறுகொளக் கூறலைப் பற்றி நெடிது பேசவேண்டியதில்லை. அஃது எண்ணிப் பார்த்தே காட்டப்பட்டுவிட்டது. 1999ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க சஞ்சிகையில் றோய் பிற்கின் என்பாரும் உடனாசிரியரும் ஆறு பெரிய மருத்துவ ஏடுகளை எடுத்துக்கொண்டு, ஏட்டுக்கு 44 கட்டுரைகளாகச் சுருக்கத்தையும் உடலையும் ஒப்பிட்டனர். சுருக்கத்திற் சொல்லிய எண் உடலிற் சொல்லியதோடு முரண்படுதலோ, உடலில் எங்கணுமே காணப்படாதிருத்தலோ குற்றமெனக் கொள்ளப்பட்டது. குற்றமுள்ள சுருக்கங்கள், மிக நன்றான ஏட்டில் நூற்றுக்கு 18. மிகக் குறைபாடான ஏட்டில் நூற்றுக்கு 68. இவை தெருவோரத்து ஏடுகளல்ல. அறிஞர் பலர் சரிபார்த்து, ஆசிரியர் பலர் திருத்தி வெளியிடும் ஏடுகள். நம் கல்லூரி மலரின் அச்சுப்படி திருத்துவோர் இதனை அறிந்தால் சிறிது ஆறுதல் அடைவர்.

குன்றக் கூறல் இதனினும் நுண்ணியது. ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். 1987ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்தைப் பெயராகக் கொண்ட இருதய ஆய்வு ஒன்று வெளிவந்தது. நடுத்தர வயதுடைய ஆடவர் 4,081 பேர் அதிற் பங்குபற்றினர். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஜெம்பிபுறொசில் என்னும் மருந்தை ஐந்தாண்டு காலத்துக்கு ஒருசாரார் உட்கொண்டனர். மருந்து உட்கொண்டோரிடத்து இருதய நோய் நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. இதனை மட்டும் கேட்பவன், நூறு பேர் மருந்து உட்கொண்டால் முப்பத்துநால்வர் பிழைப்பர் என்றே எண்ணுவான். உண்மை அதுவன்று. வெறுமருந்து பெற்றவருள் ஆயிரவர்க்கு 41.4 பேரும், மருந்து பெற்றவருள் ஆயிரவர்க்கு 27.3 பேரும் இருதய நோய்க்காளாயினர். வேற்றுமை ஆயிரவர்க்குப் பதினால்வர். அதாவது, ஏறத்தாழ எழுபது பேர் ஐந்தாண்டு உட்கொண்டால் ஒருவர் நோயினின்று தப்புவார். 34 என்பதும் மெய். எழுபதுக்கு ஒன்று என்பதும் மெய். ஒன்றனைச் சொல்லி மற்றதை விடுதலே குன்றக் கூறல். நீதியாகச் சொல்லவேண்டுமாயின், ஹெல்சிங்கி ஆய்வாளர் தம் சுருக்கத்தில் இரண்டனையும் கூறினர்; இரு குழுவினரிடத்தும் மொத்த இறப்பில் வேற்றுமையில்லை என்பதையும் ஒளியாது கூறினர். நல்ல சுருக்கம் எழுதுதல் இயலாத காரியமன்று என்பதற்கு இதுவே சான்று. பின் வந்தோருட் பலர் இவ்வழியைப் பின்பற்றவில்லை என்பதே குறை. மருந்தினால் வந்த தீங்குகள், ஆய்வினிடையே விலகிச் சென்றோர் தொகை, பணம் உதவியோர் பெயர் ஆகியனவே சுருக்கங்களிற் பெரும்பாலும் விடுபடுவன. இம்மூன்றும் ஆய்வாளர்க்கு வசதிக்குறைவானவை என்பது தற்செயலான ஒற்றுமை என்று நம்ப என் மனம் இடந்தரவில்லை.

ஆயினும் எனக்கு மிகக் கொடியதாகத் தோன்றுவது மூன்றாவது குற்றமே. ஆய்வு தொடங்குமுன், எதனை அளந்து மருந்தின் நன்மையைத் தீர்மானிப்போம் என்று ஆய்வாளர் ஒரு தலைமை விளைவைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். முடிவில் அத்தலைமை விளைவில் வேற்றுமை காணப்படவில்லையாயின், 'காணப்படவில்லை' என்று எழுதுதலே முறை. ஆனால் தோல்வியை முகப்பில் எழுதிவைக்க மனிதமனம் விரும்புவதில்லை. வேறொரு விளைவைத் தேடிப் பிடித்து, அதனை முன்னிறுத்தி, தலைமை விளைவைப் பின்னே தள்ளிவிடும் ஒப்பனை நிகழ்கின்றது. 2010ஆம் ஆண்டு இசபெல் பூற்றோன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் குழுவினரும், தலைமை விளைவிற் புள்ளிவிபர முறைப்படி வேற்றுமை காணாத 72 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுட் பதின்மூன்றன் தலைப்பிலேயே ஒப்பனை இருந்தது. சுருக்கத்தின் முடிவுரையில் ஒப்பனையிருந்தவை 42. பாதிக்கு மேற்பட்டவை என்க. என் மாணவர் வாசிப்பதாகச் சொன்ன 'கடைசி வரி' அந்த முடிவுரையே என்பதை ஈண்டு நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வொப்பனை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை ஓர் ஆய்வை எடுத்து விரிவாகக் காட்டுதல் நன்று. மூட்டுவாத நோயாளர் வலி தணிக்கும் மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்வர். அம்மருந்துகளால் இரைப்பையிற் புண் உண்டாகி, அது துளைபட்டும் குருதி பெருகியும் உயிருக்கு ஆபத்து விளைதலுண்டு. செலக்கொக்சிப் என்னும் புதுமருந்து இவ்வாபத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையிலே, அதன் உற்பத்தியாளரின் ஆதரவோடு பெரியதோர் ஆய்வு நடத்தப்பட்டது. எண்ணாயிரம் பேருக்கு மேல் அதிற் பங்குபற்றினர். 'கிளாஸ்' என்னும் குறும்பெயரால் வழங்கும் அவ்வாய்வின் கட்டுரை 2000ஆம் ஆண்டு செப்தெம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க சஞ்சிகையில் வெளிவந்தது. ஒப்பிடப்பட்ட பழைய மருந்துகள் இபுபுறொபன், டைக்குளோபெனக் என்னும் இரண்டுமாகும்.

அதன் சுருக்கத்தைப் படித்துப் பார்ப்பவர்க்கு முதலில் மதிப்பே தோன்றும். நோக்கம், அமைப்பு, இடம், பங்குபற்றியோர், சிகிச்சை, விளைவு, முடிவு எனப் பகுதி பகுதியாக ஒழுங்குபட எழுதப்பட்டிருந்தது. எண்களும் நிரம்ப இருந்தன. தலைமை விளைவாகிய கடும் புண் விபத்துக்கள் ஆண்டுக் கணக்கிற் புதுமருந்துக் குழுவில் நூற்றுக்கு 0.76, பழைய மருந்துக் குழுவில் 1.45. இது தற்செயலாலும் நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளிவிபரவியல் வழக்குப்படி விலக்கிவிட முடியாத வேற்றுமை. அதனையுஞ் சுருக்கம் மறைக்கவில்லை. உரிய எண்ணைத் தந்தது. பின்னர், கடும் விபத்துக்களோடு அத்துணைக் கடுமையில்லாத, நோய்க்குறி மட்டும் காட்டும் புண்களையும் கூட்டி எண்ணினால் 2.08க்கு 3.54 என வருவதையும், அவ்வேற்றுமை அவ்வரம்பைக் கடந்தமையையும் கூறிற்று. முடிவுரை வந்தபோது என்ன நிகழ்ந்தது? தலைமை விளைவு தனியே நின்று வெற்றி காணவில்லை என்ற செய்தி அங்கே இல்லை. இரண்டையும் கூட்டிய எண்ணே முடிவுரையிற் கொலுவிருந்தது. அஸ்பிரின் உட்கொள்ளாதவரிடத்து நன்மை மிகுதி என்ற உபசெய்தியும் பக்கத்தில் நின்றது. மற்றொன்று விரித்தலுக்கு இதனினும் தெளிந்த உதாரணம் தேடிக் கிடைப்பது அரிது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. சுருக்கமும் கட்டுரையும் ஆறு மாதக் கணக்கையே தந்தன. படித்தோர், ஆறு மாதத்துக்கென்றே அமைந்த ஆய்வு அது என்று கொண்டனர். உண்மையில் அவ்வாய்வு இரு மருந்துகளோடும் ஒப்பிட்ட பகுதிகளில் ஆறு மாதத்துக்கு அப்பாலும் சென்றிருந்தது. முழுத் தரவுகளும் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் முன் வைக்கப்பட்டபோது, 2001ஆம் ஆண்டிலே செய்தி வெளிப்பட்டது. பீற்றர் யூனி முதலிய மூவர் 2002ஆம் ஆண்டு யூன் மாதப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இதனை எடுத்துக் காட்டினர். ஆய்வின் பிற்பாதியில் நேர்ந்த புண் விபத்துக்களில் ஏறத்தாழ எல்லாம் புதுமருந்து உட்கொண்டோரிடத்தே நேர்ந்தன; முழுக்காலத்தையும் சேர்த்துப் பார்க்கையில் முன்னர்த் தோன்றிய நன்மை மறைந்துபோயிற்று. ஆய்வாளர்க்கும் ஒரு விடை இருந்தது. ஆறு மாதத்தின் பின் பலர் ஆய்வினின்று விலகிவிட்டமையால், அப்பாற்பட்ட தரவுகள் ஒருபாற் கோடியவை என்றனர். அவ்விடையில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அந்நியாயத்தைப் படிப்போர் முன் வைத்து, முழுத்தரவையும் காட்டி, 'இக்காரணத்தால் ஆறு மாதத்தையே கொள்கின்றோம்' என்று சொல்லியிருந்தால் வழக்கு வேறாகியிருக்கும். தீர்ப்புக் கூறும் உரிமை படிப்பவனுடையது. சாட்சியை முன்கூட்டியே மன்றினின்று வெளியேற்ற வழக்காடுவோனுக்கு உரிமையில்லை.

இவ்வுதாரணத்தை யான் நீட்டிக் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. பட்டியல் வகுத்து உறுப்புக்களை நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கருதுவோர் பலர். பகுதி பகுதியாகச் சுருக்கம் எழுதும் முறை 1987ஆம் ஆண்டு 'அனல்ஸ் ஒவ் இன்ரேணல் மெடிசின்' என்னும் ஏட்டில் முன்மொழியப்பட்டது. முழுக்கட்டுரைக்குரிய 'கொன்சோட்' என்னும் விதிப்பட்டியல் 1996இல் வந்தது. 2001இலும் 2010இலும் திருத்தப்பட்டது. 2025இல் முப்பது உறுப்புடையதாகப் புதுக்கப்பட்டது. சுருக்கத்துக்கென வந்த பதினேழு உறுப்பை முன்னரே கூறினேன். இவையெல்லாம் பெரும் நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கிளாஸ் ஆய்வின் சுருக்கத்தை அப்பதினேழோடு ஒப்பிட்டுப் புள்ளியிட்டால், அது பரீட்சையிற் சித்தியடைந்துவிடும் என்றே நினைக்கின்றேன். அதிலுள்ள எண் ஒன்றும் பொய்யன்று. குற்றம், சொல்லாது விட்ட மாதங்களிலும், முடிவுரைக்கு எதனைத் தேர்ந்தனர் என்பதிலுமே இருந்தது. பாயிரத்தின் பொருள் எட்டும் நிரம்பியும் நூலைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தரும் பாயிரம் இருத்தல் கூடுமன்றோ!

இவ்விடத்திற்றான் பதினேழனுள் ஒன்றாகிய பதிவிலக்கம் என்னும் சிறிய உறுப்பு எனக்குப் பெரியதாகத் தோன்றுகின்றது. ஆய்வைத் தொடங்குமுன், எதனை அளக்கப்போகின்றோம், எத்தனை காலம் நடத்தப்போகின்றோம் என்பவற்றைப் பொதுப்பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். அங்ஙனம் எழுதிவையாத ஆய்வைப் பிரசுரிக்கமாட்டோம் என்று சர்வதேச மருத்துவ சஞ்சிகை ஆசிரியர் குழு 2004இல் அறிவித்து, 2005 முதல் நடைமுறைப்படுத்தியது. அடுத்த ஆண்டு, 2006இல், நம் இலங்கையிலும் இத்தகைய பதிவேடு ஒன்று நிறுவப்பட்டது. சுருக்கத்தின் அடியிலுள்ள அவ்விலக்கத்தைக் கொண்டு எவரும் பதிவேட்டைப் பார்க்கலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதம் என்று அங்கே எழுதியவர் ஆறு மாதம் என்று இங்கே எழுதினால் களவு கையுங்களவுமாகப் பிடிபடும். ஏனைய உறுப்புக்கள் எழுத்தாளனை நம்பி நிற்பன. இவ்வொன்றே எழுத்தாளனைச் சோதிப்பது.

பட்டியலை அச்சிட்டு வெளியிட்டால் எழுத்தாளர் பின்பற்றுவர் என்னும் நம்பிக்கையும் பொய்த்தது. ஐந்து பெரிய ஏடுகளின் 955 சுருக்கங்களை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று இதனைக் காட்டுகின்றது. பதினேழு உறுப்பு விதி வெளியான பின்னர், சுருக்கத்தைத் திருப்பியனுப்பி விதிப்படி எழுதச் செய்த ஏடுகளிலே திருத்தம் உடனே தெரிந்தது. அவ்வாறு கட்டாயப்படுத்தாத ஏடுகளிலே வேறுபாடு தோன்றவில்லை. விதியை எழுத்தாளர்க்கான அறிவுறுத்தலிற் சேர்த்துவிட்டு வாளாவிருந்தமை பயன்படவில்லை. கட்டாயப்படுத்திய ஏடுகளிலும், அளவுகோலாகக் கொண்ட ஒன்பது உறுப்புக்களிற் சராசரியாக ஐந்தரைக்குச் சற்றுக் குறைவானவையே இரண்டாண்டு முடியுந் தறுவாயில் இடம்பெற்றன. கொப்பியைத் திருப்பிக் கொடுத்துத் திரும்ப எழுது என்று சொல்லும் ஆசிரியரிடத்தே மட்டும் மாணவன் திருந்துவான் என்பது நாம் அறியாததன்று. பேராசிரியர்க்கும் அஃதே விதியாயிற்று.

இடமில்லை என்பர் எழுத்தாளர். முந்நூறு சொல்லிற் பதினேழு பொருளை அடக்குதல் எங்ஙனம் என்பர். இவ்வாதத்தை ஏற்க என்னால் இயலவில்லை. 'மேலும் ஆய்வு வேண்டும்', 'இவ்விடயம் முக்கியத்துவம் வாய்ந்தது' என்பன போன்ற தொடர்களுக்கு அதே சுருக்கங்களில் இடமிருக்கின்றது. பொருளின் சிறப்பைப் பற்றிய முன்னுரை வாக்கியம் ஒன்றை நீக்கினாலே தீங்குகளைப் பற்றிய எண்கள் அமரப் போதிய இடம் உண்டாகும்.

இனி, ஒப்பனை படிப்பவரை உண்மையில் மயக்குகின்றதா, வைத்தியர்கள் அத்துணை எளிதில் ஏமாறுவரா என்னும் வினா எஞ்சுகின்றது. இதனையும் பூற்றோன் குழுவினர் ஓர் எழுமாற்று ஆய்வாகவே நடத்திப் பார்த்தனர். மருந்துக்கு வகுத்த முறையை எழுத்துக்குப் பயன்படுத்தியது பாராட்டத்தக்கது. புற்றுநோய்ச் சிகிச்சையிற் பயின்ற முந்நூறு பேரை எழுமாறாக இரு கூறாக்கினர். ஒரு கூற்றினர்க்கு ஒப்பனையுடைய சுருக்கங்களையும், மறுகூற்றினர்க்கு அவற்றையே ஒப்பனை நீக்கித் திருத்தியெழுதிய வடிவங்களையும் கொடுத்தனர். பத்துப் புள்ளி அளவையில், ஒப்பனையுடையதைப் படித்தோர் அச்சிகிச்சைக்கு ஏறத்தாழ முக்காற் புள்ளி கூடுதலான நன்மையை மதிப்பிட்டனர். 2014இல் வெளியான இம்முடிவு பெரியதோர் எண்ணன்று. ஆயினும் ஒருவர் செய்யும் சிறு சாய்வு, ஆயிரம் மருத்துவச் சீட்டுக்களிற் பெருகும். வேறொரு செய்தியும் அவ்வாய்விற் கிடைத்தது. ஒப்பனையுடைய சுருக்கத்தைப் படித்தோர், அவ்வாய்வின் கண்டிப்பைக் குறைவாகவே மதித்தனர். முழுக்கட்டுரையையும் படிக்க வேண்டுமென்ற விருப்பத்தையும் மிகுதியாகக் காட்டினர். எங்கோ ஏதோ இடறுகின்றது என்று அவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும். ஆனால் முழுக்கட்டுரை அவர்க்குக் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

என் மாணவர் திரும்பிச் செல்லுமுன், அவர் கைத்தொலைபேசியிலிருந்த அப்பத்தியை நாங்கள் இருவரும் விறாந்தையில் இருந்து கீழிருந்து மேலாகப் படித்தோம். முதலிற் பதிவிலக்கம், பின்னர்ப் பணம் உதவியோர், அதன்பின் சேர்க்கப்பட்டோர் தொகையும் இறுதியிற் கணக்கிடப்பட்டோர் தொகையும். தொடக்கத்திற் சேர்ந்தோரில் எத்தனை பேர் விலகினர் என்பது அதில் இல்லை. தீங்குகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முடிவுரையைப் படிக்க வந்தபோது தேநீர் ஆறிவிட்டது. "அப்படியானால் இதை வைத்து நான் மருந்து மாற்றக்கூடாது, என்ன சேர்?" என்று கேட்டார். கட்டுரையின் ஆசிரியர்க்கே ஒரு கடிதம் எழுதிப் பிரதியொன்று கேட்கும்படி சொன்னேன். அன்றிரவே எழுதினார். மூன்றாம் நாள் முழுக்கட்டுரையும் வந்து சேர்ந்தது. விலகியோர் தொகை அதன் ஏழாம் பக்கத்து அட்டவணையொன்றில் இருந்தது.